அம்மாவின் பெயரில் ஏழு மாதம்

பன்னிரண்டு வயதில் ஏழு மாதம் நான் என் அம்மாவின் பெயரில் வேலை பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் இருந்தது, அம்மாவின் வயது இருந்தது. கை மட்டும் என்னுடையது.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து செங்கல் என்ற கிராமத்துக்குப் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களைத் தாண்டி ஒரு முந்திரித் தொழிற்சாலை உண்டு. எங்கள் பக்கத்தில் அதை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீண்ட ஷெட், அவ்வளவுதான். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டி, உள்ளே இருக்கும் பருப்பை உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். அதற்காக விரல்களில் சாம்பல் தேய்த்துக்கொள்வார்கள். சாம்பல் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு தாங்காது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா அமரவிளையில் சாலையைக் கடக்கையில் லாரி மோதி இறந்துபோனார். அதன்பிறகு எனக்கும் தம்பிக்கும் அம்மாவின் அந்த வேலைதான் எல்லாம். இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஆபரேஷன் என்று ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தவளைப் பார்க்க மேஸ்திரி வந்தார். அண்டி ஆபீசில் ஆட்களைக் கண்காணிப்பவர் அவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வரும்போது ஒரு சீப்பு பழம் வாங்கி வந்தார்.

"இடத்த ரொம்ப நாளு சும்மா போட ஒக்காது, கேட்டியா. முதலாளி வேற ஆள எடுக்கச் சொல்லுவாரு. உனக்க மவள அனுப்பு. பேரு உனக்கதாட்டு இருக்கட்டு, கை அவளுக்கதாட்டு இருக்கட்டு."

"அவ படிக்கிய பிள்ளையாக்கும்" என்றாள் அம்மா.

"ஒரு மாசந்தானே."

அவர் போனபின் அம்மா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். "மக்கா, ஒரு மாசம் போவியா?" என்று கேட்டாள். போவேன் என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டில் ஒரு பெரிய ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்தான் என்று முடிவாகியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் ஏழாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு. மூன்றாம் வகுப்பில் இருந்த தம்பியிடம் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினோம். அக்கா குளச்சலில் மாமா வீட்டில் இருக்கிறாள், அங்கே படிக்கப் போகிறாள் என்று. அவன் அந்தப் பொய்யை நன்றாகவே வளர்த்தான். டீச்சர் கேட்கும்போதெல்லாம் எதையாவது சேர்த்தான். அக்கா தினமும் கடலைப் பார்க்கிறாள், அக்காவுக்கு மீன் வெட்டத் தெரிந்துவிட்டது, மாமா அக்காவுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் என்னிடம் ஒப்பிப்பான். நான் கரியாகிப்போன கையோடு உட்கார்ந்து குளச்சலில் இருக்கும் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் நாள் அம்மாவின் பழைய நைட்டியைப் போட்டு, நீளத்தை இடுப்பில் கயிறு கட்டித் தூக்கிவிட்டு, தோளில் துவர்த்துத் துண்டு போட்டுக்கொண்டு போனேன். துவர்த்து போட்டால் பார்ப்பதற்குப் பெரிய பெண் மாதிரி இருக்கும் என்று அம்மா சொன்னாள். மேஸ்திரி பெயர்களை வாசித்தார். அம்மாவின் பெயர் வந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

"எட்டி, உண்டுன்னு சொல்லு."

"உண்டு" என்றேன்.

அவளுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். ஊரைவிட்டுப் போன தன் பெரியம்மாவின் பெயரில் இரண்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். எங்களைப் போல ஏழு பிள்ளைகள் அந்த ஷெட்டில் இருந்தோம். எல்லோருமே வேறு யாருடைய பெயரிலோ இருந்தோம்.

அவள்தான் எனக்கு வேலை சொல்லித்தந்தாள். கொட்டையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் ஒரே அடியில் வாய் திறக்கும் என்று காட்டினாள். கண்ணைக் கசக்கவே கூடாது என்றாள். மறந்துபோய் இரண்டாம் நாளே கசக்கிவிட்டேன். இமை வீங்கி, அடுத்த இரண்டு நாளும் ஒற்றைக் கண்ணால் கொட்டை தட்டினேன். சோறு தின்னும்போது விரல் உதட்டில் பட்டால் புண்ணாகிவிடும் என்பதையும் அப்படித்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு வீட்டிலிருந்து ஸ்பூன் கொண்டுபோனேன். முதல் வாரம் தோல் கறுத்தது. மூன்றாவது வாரம் உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தில் புதுத்தோல் வரும் முன்பே அடுத்த நாள் வேலை வந்துவிடும்.

மதியம் மரச்சீனிக் கிழங்கையோ சோற்றையோ பொதிந்து வரும் செய்தித்தாள்களை அவள் தூக்கிப்போட விடமாட்டாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தெல்லாம் பாதி மறந்துபோயிருந்தது. "வாசி, வாசி" என்று என்னிடம் நீட்டுவாள். கிழிந்த தாள்தானே, செய்தி பாதியில் நின்றுவிடும். நெய்யாற்றில் குளிக்கப்போன வாலிபன் ஒருவன் சுழலில் மாட்டினான் என்பதோடு தாள் முடிந்திருக்கும். அவனைக் காப்பாற்றினார்களா இல்லையா என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. "காப்பாத்தியிருப்பாவ. ஒரு வள்ளக்காரன் வந்திருப்பான்" என்று அவளே முடிவு கட்டுவாள். அந்த ஏழு மாதத்தில் அவளுடைய செய்தித்தாளில் ஒருவர்கூடச் சாகவில்லை. மூன்றாவது மாதத்தில் என்னை வாசிக்கவிடாமல் தானே எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒரு மாதம் என்றது நீண்டுகொண்டே போனது. அம்மாவுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வந்து, உட்கார முடியாமல் இருந்தாள். "அடுத்த மாசம் நான் வந்திருவேன், நீ ஸ்கூலுக்கு போயிரலாம்" என்று ஒவ்வொரு மாதமும் சொன்னாள். ஒரு கட்டத்துக்குமேல் அவள் சொல்வதை நிறுத்தினாள். நானும் கேட்பதை நிறுத்தினேன். பயமான விஷயம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. புண் ஆறாமல் கிடந்தது அல்ல. பள்ளிக்கூடத்தை நான் மறக்க ஆரம்பித்திருந்தேன். காலையில் சீருடை போட்ட பிள்ளைகள் எதிரே வந்தால், முதலில் ஒளிவேன். பிறகு ஒளிவதும் நின்றுபோயிற்று. அவர்கள் வேறு, நான் வேறு என்று ஆகிவிட்டது.

ஆறாவது மாதம் நாங்கள் ஜெபத்துக்குப் போகும் சபைக்குப் பக்கத்து ஹாலில் ஆதார் எடுக்க வந்தார்கள். ரேஷன் கார்டுக்கு வேண்டும் என்பதால் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போனாள். தம்பிக்கு உடனே முடிந்தது. அடுத்து நான். கம்ப்யூட்டர் முன்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பச்சையாக எரியும் கண்ணாடியில் நான்கு விரலையும் வைக்கச் சொன்னாள். வைத்தேன். எடுக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். எடுக்கவில்லை. இடது கை, வலது கை, கட்டை விரல், எதுவுமே எடுக்கவில்லை. திரையில் ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பாகக் காட்டியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் மெழுகு தடவிய மாதிரி வழவழவென்று இருந்தன. ரேகை என்று ஒன்றுமே இல்லை.

"சக்கை வெட்டினா மேடம். அதுக்க அரக்கு" என்றாள் அம்மா அவசரமாக, பலாப்பழப் பிசின் மேல் பழியைப் போட்டு.

"இது சக்கை அரக்கு இல்ல சேச்சி" என்றாள் அந்தப் பெண். "எனக்க அம்மையும் அண்டி ஆபீசிலயாக்கும். இந்தக் கையக் கண்டுதான் நான் வளந்தேன்." பிறகு என்னைப் பார்த்து, "மக்கா ஸ்கூலுக்குப் போறியா?" என்று கேட்டாள்.

"போறா. ஏழாம் கிளாஸ்" என்றாள் அம்மா.

"இல்ல" என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மா என் முதுகில் கிள்ளினாள். அந்தப் பெண் என் கையை மெல்ல விட்டாள். கண்ணை மட்டும் படம் எடுத்து, கிடைத்ததை வைத்துப் பதிவு செய்தாள். எழுந்திருக்கும்போது மெதுவாகச் சொன்னாள். "அந்த வேலைய விட்டா ரேகை திரும்ப வரும். தோலு வளரும். அங்க இருந்தா வராது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என் இரண்டு கைகளையும் மடியில் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் அண்டி ஆபீஸ் வாசலில் தொழிலாளர் துறை ஜீப் வந்து நின்றது. அதற்கு முன்பும் இரண்டு முறை ஜீப் வந்ததுண்டு. அப்போதெல்லாம் எங்களைப் பின்னால் இருந்த சாக்கு அறைக்குள் தள்ளிவிடுவார்கள். கூரை வரைக்கும் மூட்டை அடுக்கிய அறை. அன்றும் மேஸ்திரி ஓடிவந்து, "பிள்ளைய எல்லாம் உள்ள போ, உள்ள போ" என்றார். ஏழு பேரும் மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கினோம். தூசியில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டோம்.

இந்த முறை வந்தது ஒரு பெண் அதிகாரி. கூட இரண்டு பேர். அவர்கள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. வருகைப் பதிவேட்டை வாங்கி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஆளைப் பார்த்துக் குறித்தார்கள். சாக்கு அறைக் கதவின் இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது. பெயர், உண்டு. பெயர், உண்டு. என் பக்கத்தில் இருந்தவளின் பெரியம்மா பெயர் வந்தது. ஷெட்டில் சத்தமில்லை. "இன்னைக்கு லீவு மேடம்" என்றார் மேஸ்திரி. "வந்நதாயிட்டாணல்லோ இவிடெ எழுதியிரிக்குந்நது" என்றார் அதிகாரி. வந்ததாக அல்லவா எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

பிறகு அம்மாவின் பெயர் வந்தது.

"உண்டு!"

அது என் குரல். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பெரிய தைரியம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தை தைரியத்தில் வந்தது இல்லை. ஏழு மாதமாகத் தினமும் அந்தப் பெயரைக் கேட்டதும் என் வாய் சொல்லிப் பழகியது அது. தானாக வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆனால் அதற்கு அடுத்தது என்னுடையது. பேசாமல் அங்கேயே இருந்திருக்கலாம். பக்கத்தில் இருந்தவள் என் நைட்டியைப் பிடித்து இழுத்து, "போவாத, கொன்னுருவாவ" என்று கிசுகிசுத்தாள். அவளைப் பார்த்தேன். அவள் மூக்கு நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த ஜீப் திரும்பிப் போய்விட்டால், நாளைக்கும் நான் இதே பெயருக்கு உண்டு சொல்வேன். அதற்கு அடுத்த வருடமும் சொல்வேன். நைட்டியை விடுவித்துக்கொண்டு மூட்டைகளைத் தாண்டி, கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முப்பத்தாறு வயசு?" என்றார்.

"அது எனக்க அம்மைக்க பேரு மேடம்" என்றேன். "வேலை செய்யது நானாக்கும். எனக்கு பன்னெண்டு வயசு."

"வேறெ குட்டிகள் உண்டோ?" என்று கேட்டார். வேறு பிள்ளைகள் உண்டா?

நான் பதில் சொல்லும் முன்பே எனக்குப் பின்னால் கதவு கிறீச்சிட்டது. மூக்கில் சாம்பலோடு அவள் நின்றாள். தன் பெரியம்மாவின் பெயரைச் சொல்லாமல், தன் சொந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏழு பேரும் வெளிச்சத்தில் வந்து நின்றோம். கடைசியாக வந்தவளுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த தும்மல் எல்லாம் சேர்ந்து வந்தது. ஐந்தாறு முறை தும்மினாள். அதிகாரி தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

எங்களை ஜீப்பில் ஏற்றும்போது வரிசையின் முதலில் உட்காரும் பெண் எழுந்து வந்தாள். அந்த ஷெட்டிலேயே வாய் பெரிய பெண் அவள். "எல்லார்க்க கஞ்சிலயும் மண்ணள்ளிப் போட்டியே பிள்ளே" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். ஜீப் நெய்யாற்றின்கரையில் இருந்த அவர்கள் ஆபீசுக்குப் போய்ச் சேரும்வரை நான் அழுதேன்.

அன்று மாலையே அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா என்னை அடிக்கவில்லை. "என்ன ஜெயில்ல போடுவாவளா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அம்மாவின் இடம் போய்விட்டது என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்த நாள் காலையில் அண்டி ஆபீசில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். பெண்கள் எல்லோரும் வழக்கம்போல வந்து, வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்தார்கள். மரச்சுத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரும் தட்டவில்லை. மேஸ்திரி வந்து கேட்டுப் பார்த்தார். முதலாளி கார் எடுத்து வந்தார். அப்போது என்னைத் திட்டிய அதே வாய் பெரிய பெண் எழுந்து நின்றாள்.

"நேத்து அந்தப் பிள்ளைய நான் சீத்த பேசினேன்" என்றாளாம். "ராத்திரி பூரா எனக்கு ஒறக்கமில்ல. எனக்க மவளும் அந்த ஏழு பேருல ஒருத்தியாக்கும். ஒளிச்சு வச்ச எடத்துல இருந்து அவளே எறங்கி வந்தா. நான் எறக்கிவிடல. இனி எங்க பிள்ளைய இங்க வராது. ஆனா அதுவளுக்க அம்மைமாருக்க இடமும் போவாது. ஆபரேஷன் முடிஞ்சு கெடக்கியவளுக்கு லீவு எழுதுங்க. அவ வாறது வரை அவளுக்க கல்லுல யாரும் இருக்க மாட்டோம்."

முதலாளி மதியம் வரை பார்த்தார். வறுத்த கொட்டை ஆறிப்போனால் ஓடு இறுகிவிடும், பருப்பு உடையும். அதை அந்தப் பெண்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. மதியத்துக்குள் அம்மாவின் பெயருக்கு நேரே நோய் விடுப்பு என்று எழுதப்பட்டது. வாய் பெரிய பெண் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். என் தலையில் கைவைத்து, "எட்டி, நேத்து சொன்னத மறந்துரு" என்றாள்.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் குழந்தைகள் நலக் குழுவுக்கு முன்னால் நாங்கள் போக வேண்டியிருந்தது. அம்மா சபைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஒரு பிளாஸ்டிக் கவரில் என் பழைய பிராகிரஸ் கார்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவற்றை எங்கே வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. என்னை அவளிடமிருந்து பிரித்து ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். பஸ் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மலையாளத்தில் கேட்டார்கள். அம்மா நன்றாக மலையாளம் பேசுவாள். சந்தையில் மலையாளத்தில் சண்டையே போடுவாள். அன்று அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தமிழ்தான் வந்தது. "தப்பு எனக்கதாக்கும். வேற வழி தெரியல்ல. பிள்ளைய மட்டும் எடுத்துராதுங்க" என்றாள். மேசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அம்மா சொன்னதை மலையாளத்தில் சொல்லச் சொன்னார்கள்.

நான் எழுந்து நின்று மலையாளத்தில் சொன்னேன். "ஜூன் மாதத்திலிருந்து என்னைத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாளாம். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கவைப்பாளாம். அதற்குமேலும் படிக்கவைப்பாளாம்."

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள். பிறகு மேசையைப் பார்த்து, "சரி, சொன்னதாட்டே எழுதிக்கிடுங்க" என்றாள்.

நடுவில் இருந்தவருக்கு எங்கள் பக்கத்துத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். அவர் முதலில் சிரித்தார். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என்னை அம்மாவோடே அனுப்பினார்கள். வீட்டு நிலைமைக்கு அரசாங்கத்தில் கிடைக்கும் உதவிக்கும் எழுதிக் கொடுத்தார்கள். தொழிற்சாலை மேல் வழக்கு தனியாக நடந்தது.

பள்ளிக்கூடத்தில் என் பெயரை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். வெட்டவில்லை. வகுப்பு டீச்சர் ஏழு மாதமும் வரவில்லை, வரவில்லை என்று குறித்துக்கொண்டே வந்திருந்தார். "குளச்சல்ல கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். தம்பியை நம்பவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. என்னை எட்டாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள். விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமைகளில் படித்தேன்.

என் பக்கத்தில் கொட்டை தட்டியவளுக்குத்தான் கஷ்டம். "பதிமூணு வயசுப் பொண்ணு இனி என்னத்தப் படிக்க?" என்று அவள் அப்பா அதிகாரிகளிடமே கேட்டார். அவர்கள் பேசிக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து வாங்கிய மறுநாள் அவள் யாருடைய துணையும் இல்லாமல் தானே நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். ஏழாம் வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பிலேயே உயரமானவள், வாசிப்பதில் கடைசி. மதியச் சோற்றுக்கு நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தபோது அவள் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் கறுத்த விரல்களைப் பார்த்து "அண்டி, அண்டி" என்று கூப்பிட்டான். நான் கையைப் பாவாடைக்குள் ஒளித்தேன். அவள் ஒளிக்கவில்லை. இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எலே, இந்தக் கை தட்டினா அண்டியே ரெண்டாப் பொளக்கும். உனக்க மண்டை எம்மாத்திரம்?"

அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்த வருடக் கடைசியில் எங்கள் தோலும் மாறிவிட்டது. ஆதாரில் விரல் வைத்துப் புதுப்பித்தபோது எல்லா விரலுக்கும் பச்சையாகக் காட்டியது.

பத்தாம் வகுப்புப் பரீட்சையை நான் அவளுக்கு ஒரு வருடம் முன்னால் எழுதித் தேறினேன். அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வருடம் அவள் எழுதியதுதான் பெரிது. ரிசல்ட் அன்று அமரவிளையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடை நிறையக் கூட்டம். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நம்பரைச் சொன்னாள். கடைக்காரர் தட்டினார். உயர்கல்விக்குத் தகுதி, அதாவது பாஸ், என்று திரையில் வந்தது. நான் வாசித்தேன். அவள் நம்பவில்லை. என்னைத் தள்ளிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகத் தானே கூட்டி வாசித்தாள். பிறகு போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஆட்டோ நின்றது.

அப்போதுதான் கவனித்தோம். கடை வாசலில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. உள்ளே வந்து கடைக்காரரிடம், "அத ரெண்டு பிரிண்ட் எடும்" என்றார். "ஒண்ண லேமினேஷன் போடணும். கனத்ததா போடும்." லேமினேஷன் போட்ட தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேராக அண்டி ஆபீசுக்குப் போய், மதியச் சோறு தின்றுகொண்டிருந்த பெண்களிடம் காட்டினார். வாய் பெரிய பெண் சோற்றுக் கையோடு எழுந்து வந்து வாசித்தாள். அதற்கு முந்தின வருடம் அவளுடைய மகளும் தேறியிருந்தாள். ஏழு பேரில் ஐந்து பேர் பத்தாம் வகுப்பு முடித்தோம். மற்ற இருவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அண்டி ஆபீஸ் இப்போது வருடத்தில் சில மாதம்தான் திறக்கிறது. அன்றைக்குப் பிறகு அங்கே ஒரு பிள்ளையும் கல்லுக்கு முன்னால் உட்காரவில்லை. அதைச் சட்டம் மட்டும் செய்யவில்லை. உடம்பு தேறித் திரும்பிப்போன அம்மாவும் மற்றப் பெண்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். துவர்த்து போட்டுக்கொண்டு யார் வந்தாலும் துவர்த்தை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள்.

நான் இப்போது அரசுப் பேருந்தில் கண்டக்டர். பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் தினமும் ஓடுகிறேன். மலையாளத்தில் டிக்கெட் கேட்பவருக்கு மலையாளத்தில் கொடுப்பேன், தமிழில் கேட்பவருக்குத் தமிழில். நெரிசலில் நின்றுகொண்டே சில்லறை எண்ணுவதில் எங்கள் டிப்போவில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், இருக்கட்டும்.

என் பக்கத்தில் கொட்டை தட்டியவள் லேப் டெக்னீஷியன் படித்தாள். பாறசாலையில் ஒரு லேபில் வேலை. போன வாரம் அம்மாவைச் சர்க்கரை பார்க்கக் கூட்டிப்போனேன். காலையிலேயே பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் வந்து, அம்மாவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"எட்டி, மெள்ளக் குத்து" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குத்தி முடிஞ்சாச்சு மாமி. கண்ணத் தொறங்க."

அரை மணி நேரத்தில் சீட்டை எடுத்துக்கொண்டு அவளே வெளியே வந்தாள். எல்லோருக்கும் முன்னால் நின்று, "மாமி, இது கூடுதலாக்கும். இன்னைலேந்து சாயாக்குச் சீனி கெடயாது. டாக்டரக் கண்டுட்டுதான் வீட்டுக்குப் போவணும்" என்றாள்.

"உன்னைப் படிக்கவிட்டது எனக்கு வந்த கேடு" என்றாள் அம்மா.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் அம்மாவை டாக்டரிடம் காட்டி, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மதிய டிரிப்புக்கு டிப்போவுக்கு ஓடினேன். வழியில் ஒரு கடையில் நின்று நான் மட்டும் ஒரு சாயா குடித்தேன், இரண்டு ஸ்பூன் சீனி போட்டு.